ஆணி மாறிய படம்

றொமேஷின் படம் புது ஆணியில் இடப்பக்கம் சரிந்து தொங்கியது. நிலுஷா கதிரையில் ஏறி அதை நேராக்கினாள். இறங்கி நின்று பார்த்தாள். மறுபடியும் சரிவு.

"விடு நிலு, இந்தச் சுவர் அப்பிடித்தான்," என்றாள் மரியமலர்.

சுவரில் பிழை இல்லை. படத்தின் பின்னாலிருந்த கயிறு அன்புவழிபுரத்தில் அவள் வீட்டு ஆணிக்குப் பழகியிருந்தது. நேற்று மாலை அந்த ஆணியிலிருந்து நிலுஷா படத்தைக் கழற்றிய இடத்தில்தான் நாம் அவளை விட்டுவந்தோம். ஏன் கழற்றினாள் என்பதை, இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

நிலுஷாவின் மகள் ஜெனிற்றா அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். நகரத்துப் பெண்கள் பாடசாலையில் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். அன்புவழிபுரம் அதற்குத் தூரம். இறந்துபோன கணவன் றொமேஷின் அண்ணன் லெஸ்லியின் வீடோ துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கையில், பாடசாலை மணி கேட்கிற தூரத்தில் இருந்தது. கல்யாணம் முடித்த புதிதில் நிலுஷாவும் றொமேஷும் அங்கேதான் குடியிருந்தார்கள். வாக்காளர் பதிவு இன்றுவரை அந்த விலாசத்திலேயே கிடந்தது. அதை வைத்து லெஸ்லி விண்ணப்பித்துவிட்டார். மிச்சமிருந்தது ஒன்றுதான். பாடசாலையிலிருந்து ஆட்கள் வந்து, பிள்ளை மெய்யாகவே அந்த வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இன்றைக்கு என்று லெஸ்லிக்கு யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

ஆகவே அந்த வீடு நேற்று மாலையிலிருந்து நடிக்கத் தொடங்கியிருந்தது. ஜெனிற்றாவின் செருப்பு வாசலில். பல் தூரிகை கிணற்றடியில். அவளுடைய சட்டைகள் லெஸ்லியின் மனைவி மரியமலரின் அலுமாரியில், சேலைகளை ஒதுக்கிவிட்ட தட்டில்.

படத்தைக் கொண்டுவரச் சொன்னது மரியமலர்.

"புருசன் மோசம்போன வீட்டில அவற்ற படம் இல்லாட்டி ஆர் நம்புவினம்?"

அதில் நியாயம் இருந்தது. திரு இருதயப் படத்துக்குக் கீழே, சின்னச் சிவப்பு பல்ப் எரிய, போனவரின் படம் இல்லாத வீடு இந்தப் பங்கில் எங்கே இருக்கிறது? நிலுஷா படத்தைக் கழற்றி, துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏற்றி வந்தது லெஸ்லியின் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிற சஞ்சீவனின் ஓட்டோ. பைகளையும் பிள்ளையின் தலையணையையும் கண்டவன் ஒன்றும் கேட்கவில்லை. "படத்தைப் பின்னால வைக்காதேங்கோ அக்கா, குலுங்கும்," என்று மட்டும் சொன்னான். குழி வந்த இடங்களில் ஊர்ந்து போனான்.

இப்போது படம் தொங்கியது. ஆனால் பல்பின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை.

"அப்பாட லைட் ஏன் எரியேல்ல?" என்று ஜெனிற்றா எழும்பியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்னேரம் வயர் வாங்குவம்," என்றார் லெஸ்லி. "இப்ப பேசாம இரு மகள்."

லெஸ்லி துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பி டெங்குக் காய்ச்சலில் ஒரு கிழமைக்குள் போய்விட்டபோது ஆஸ்பத்திரி வாசலில் கைலேஞ்சித் துணியைப் பிசைந்துகொண்டு நின்ற மனிதர். அன்று செய்ய முடியாமல் போனதற்கெல்லாம் சேர்த்து இதையாவது செய்துவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதை நிலுஷா அறிவாள். அறிந்ததால்தான் மறுக்க முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இதில என்ன பொய் கிடக்கு?" என்று அவர் காலைத் தேத்தண்ணியோடு மறுபடியும் தொடங்கினார். "இது றொமேஷ் பிறந்து வளர்ந்த வீடு. அவன்ட பிள்ளை இஞ்ச இருக்குது எண்டு சொன்னா அதில பொய் எங்க?"

"ஒண்டுமில்லை அத்தான்," என்றாள் நிலுஷா.

குசினிக்குள் மரியமலர் பிள்ளையைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் கேட்டா, எங்க படுக்கிறனீ?"

"நடு அறையில. அம்மாவோட."

"ஆர் காலம சீப்பால தலை இழுத்து விடுறது?"

"பெரியம்மா. நோகாம இழுப்பா."

"பாத்தியே நிலு, நான் சொல்லிக்குடுக்காததையும் சொல்லுறாள்." மரியமலருக்குப் பெருமை. "நத்தார் நாடகத்துக்கு இவளைத்தான் மாதாவாப் போட வேணும்."

ஜெனிற்றா யோசித்தாள். "பெரியம்மா, பொய் சொன்னா பாவமெல்லோ?"

"நீ இன்னும் முதல்நன்மை எடுக்கேல்லைத்தானே? உனக்குப் பாவம் ஏறாது. கோவில் சுவாமியிட்டப் பாவம் சொல்லவும் தேவையில்லை."

லெஸ்லி விறாந்தையிலிருந்து சிரித்தார். நிலுஷாவும் சிரித்தாள். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனாள்.

கிணற்றடியில் நின்றபோது அவளுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது.

ஜெனிற்றா இன்னும் மழலை பேசிய காலம். லெஸ்லி இதே யோசனையை அப்போதே றொமேஷிடம் சொல்லியிருந்தார். இப்போதிருந்தே இந்த விலாசத்தைப் பிடித்துக்கொள், பிறகு உதவும் என்று. றொமேஷ் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டியவன். அதிகம் பேசுகிறவன் அல்ல. "ஏலாது அண்ணை," என்றான். அவ்வளவுதான். ஏன் என்று விளக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. லெஸ்லி சில மாதம் அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதை நிலுஷா தான் வேலை செய்கிற புடவைக்கடையில் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். "எங்களுக்கு அப்பிடிச் செய்து பழக்கமில்லை," என்றாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ரபீக்கா, மகளின் பள்ளிக்கூடத்துக்காகத் தன் கூடப்பிறந்த லாத்தாவின் வீட்டில் பெட்டி படுக்கையோடு போய் இருந்துவிட்டு வந்தவள். அது நிலுஷாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். ரபீக்கா அன்று பகல் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

'ஏலாது' என்று சொன்னது அவன். 'எங்களுக்கு' என்று சொன்னது இவள்.

றொமேஷ் இருந்தவரை நிலுஷாவுக்கு என்று தனியாக ஒரு நேர்மை தேவைப்படவில்லை. மழையில் ஒரே குடைக்குள் நடந்தாள். நனையாமல் வந்ததைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டாள். குடை பிடித்தவன் போன பிறகுதான் தன் கையில் ஒன்றுமே இருக்கவில்லை என்பது தெரிந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கதை சொன்னால் நடுவில் நிறுத்தித் தன்னைத் தானே திருத்துவான். கோட்டை வாசலில் ஒரு மான் அவனுடைய பாண் பையைப் பறித்துக்கொண்டு ஓடிய கதை ஜெனிற்றாவுக்கு உயிர். "கொம்பு இவ்வளவு பெரிசு," என்று இரண்டு கையையும் விரிப்பான். பிறகு யோசித்து, "இல்லை, இவ்வளவுதான்," என்று கைகளைக் கிட்டக் கொண்டுவருவான்.

"கதையைக் கெடுக்கவெண்டே பிறந்தனீங்கள்," என்பாள் நிலுஷா.

"அந்த மான் இதைக் கேட்டா என்ன நினைக்கும்?" என்பான்.

படலை திறக்கிற சத்தம் கேட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுஹைரா மிஸ். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வந்து படிப்பிக்கிறவர். மற்றவர் குடையோடு வந்த முதியவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்து ஐயா. லெஸ்லி இரண்டு கதிரைகளையும் துடைத்துப் போட்டார். மரியமலர் நெக்டோ சோடா ஊற்றிக்கொண்டு வந்தாள்.

சுஹைரா மிஸ் கடுமையானவர் அல்ல. வாசலில் இருந்த சின்னச் செருப்பைப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து காட்டும்படி கேட்டபோது, "குறை நினைக்காதீங்க, எல்லா வீட்டிலயும் பாக்கிறதுதான்," என்றார். பிறகு படத்தின் முன்னால் நின்றார்.

"இவரா புள்ளட வாப்பா?"

"ஓம் மிஸ்," என்றாள் நிலுஷா.

"லைட் போடுறதில்லையா?"

நிலுஷா வாயைத் திறப்பதற்குள் லெஸ்லி முந்திக்கொண்டார். "பல்ப் போயிட்டுது மிஸ். இண்டைக்கு மாத்த வேணும்."

அவ்வளவு இலகுவாக அது வந்தது. நிலுஷா படத்தைப் பார்க்கவில்லை. நிலத்தில் சீமெந்து வெடித்திருந்த கோட்டைப் பார்த்தாள்.

சுஹைரா மிஸ் ஜெனிற்றாவைக் கிட்டக் கூப்பிட்டார். எங்கே படுக்கிறாய், யார் தலை இழுக்கிறது, எல்லாம் கேட்டார். பிள்ளை எல்லாவற்றுக்கும் விடை சொன்னாள். குடைக்கார ஐயா தலையை ஆட்டினார்.

"வாப்பாவ ஞாபகம் இரிக்கா?"

இதை மரியமலர் பழக்கியிருக்கவில்லை.

"ஓம்," என்றாள் ஜெனிற்றா. "அப்பா இந்தக் கதிரையிலதான் இருப்பார்." குடைக்கார ஐயா இருந்த கதிரையைக் காட்டினாள். ஐயா தன்னை அறியாமல் எழும்பி நின்றார். "இதில இருந்துதான் எனக்கு மான் கதை சொல்லுவார். மான் வந்து பாண் பையைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டுது. அதுக்குக் கொம்பு இவ்வளவு பெரிசு."

இரண்டு கையையும் விரித்தாள். பிறகு நின்றாள். முகம் சுருங்கியது.

"இல்லை மிஸ். இவ்வளவுதான்."

கைகளைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

சுஹைரா மிஸ் சிரித்தார். ஐயா சிரித்தார். மரியமலரும் லெஸ்லியும் ஆறுதலோடு சிரித்தார்கள். நிலுஷா மட்டும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

தகப்பன் விட்டுப்போனது பிள்ளையிடம் இருந்தது. மானின் கொம்பைப் பிள்ளை திருத்தினாள். கதிரையைத் திருத்தவில்லை. றொமேஷ் இருந்த கதிரை அன்புவழிபுரத்தில், கால் ஒன்று ஆட, ஜன்னலோரம் கிடக்கிறது. பிள்ளைக்கு அது தெரியும். அம்மா இருக்கிறாள், அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே இதைத் திருத்த வேண்டியதில்லை என்று அவள் விளங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளை தகப்பனைத் தூக்கி வேறு வீட்டில் வைத்துவிட்டது. அதற்கு வழி காட்டியது தாய்.

"கவலப்படாதீங்க தங்கச்சி," என்றார் சுஹைரா மிஸ், நிலுஷாவின் கலங்கிய முகத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு. "எல்லாம் சரியாத்தான் இரிக்கி." எழுந்தவர் கேட்டார். "பின் ஒழுங்கையில சஞ்சீவன் எண்டு ஒருத்தர்ர வீடு எது? அவர்ர மகளும் விண்ணப்பிச்சிரிக்கா."

நிலுஷா நிமிர்ந்து மரியமலரைப் பார்த்தாள். மரியமலர் கிளாசுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவளுக்கு இது முன்னமே தெரிந்திருந்தது.

"நான் காட்டுறன்," என்று லெஸ்லி நோகிற முழங்காலைப் பிடித்தபடி எழும்பினார்.

"நீங்க இருங்க, முழங்காலோட நடக்க வேணாம். தங்கச்சி வரட்டும். அயலவர் ஒராள்ட்டயும் உங்களப் பத்திக் கேக்கணும், அது வழமை."

ஒழுங்கையில் வெயில் சுட்டது. துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஒன்றின் ஊதல் நீளமாகக் கேட்டது. ஐயா குடையை விரித்து நடந்தபடி, "இந்தச் சஞ்சீவன்ர புள்ளிதான் கரையில நிக்குது மிஸ். வாடகை வீடு. ஒரு இடம் கூடக் குறைய எண்டால் இவையள்தான் வெளியில," என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்னார். நிலுஷா கேட்டுக்கொண்டு நடந்தாள்.

சஞ்சீவன் முருங்கை மரத்துக்குக் கீழே ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஓட்டத்துக்குப் போகாமல் காத்திருந்தான் என்பது அவனுடைய மடிப்புக் குலையாத சட்டையிலேயே தெரிந்தது. வாசற்படியில் அவன் மகள் யதுஷா புதுச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னலில் வெள்ளை ரிபன் கட்டி, இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தாள். அசைந்தால் ஏதாவது கலைந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல் இருந்தாள்.

"உங்கட வீட்டுக்குப் பிறகு வாறம்," என்றார் சுஹைரா மிஸ். "அதுக்கு முதல் ஒண்டு. இவங்களத் தெரியுமா?"

"ஓம் மிஸ். நிலுஷா அக்கா."

"எங்க இரிக்கிறாங்க?"

சஞ்சீவன் நிலுஷாவைப் பார்த்தான். நேற்று மாலை மடியில் படத்தோடு இருந்தவளை அன்புவழிபுரத்திலிருந்து ஏற்றி வந்தவன் அவன். உண்மையைச் சொன்னால் ஒரு இடம் அவனுடைய பிள்ளைக்கு வரும். அவன் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தான்.

"முன் வீட்டிலதான் மிஸ்," என்றான். "லெஸ்லி அண்ணையோட."

"எவ்வளவு காலம்?"

"கனகாலம்."

அவன் திரும்பி ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான். அது முன்பே துடைத்த கண்ணாடி. படியில் இருந்த யதுஷா தகப்பனையும் நிலுஷாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாப் பயணமும் தகப்பனிடம் கேட்டு அறிகிற பிள்ளை அவள். நேற்று எங்கே போய் வந்தான் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நிலுஷா அந்தப் பிள்ளையின் வெள்ளை ரிபனைப் பார்த்தாள். காலையில் தன் பிள்ளை. இப்போது இந்த மனிதன், தன் பிள்ளைக்கு முன்னாலேயே.

"மிஸ், அது பொய்," என்றாள்.

சுஹைரா மிஸ் திரும்பினார்.

"நாங்கள் இஞ்ச இல்லை. அன்புவழிபுரத்தில இருக்கிறம். கல்யாணம் முடிச்ச புதிசில மட்டும்தான் இஞ்ச இருந்தனாங்கள். படமும் நேற்றுத்தான் கொண்டுவந்தது. பல்ப் பழுதில்லை, வயர் எட்டேல்ல."

ஏன் பல்பைப் பற்றிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அதையும் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. நெஞ்சு இலேசானது. கொஞ்ச நேரம், மிகக் கொஞ்ச நேரம், றொமேஷ் பக்கத்தில் நிற்பதுபோலக்கூட இருந்தது.

சுஹைரா மிஸ்ஸின் முகத்தில் மெச்சுதல் ஒன்றும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"இத வீட்டில வச்சே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"ஓம் மிஸ்."

"அங்க வச்சுச் சொல்லியிருந்தா நான் இவர்ட்டக் கேட்டே இரிக்க மாட்டன். இப்ப இவர் எனக்கு முன்னால பொய் சொல்லிட்டார்."

நிலுஷா அப்போதுதான் சஞ்சீவனைப் பார்த்தாள். துணி அவன் கையிலிருந்து விழுந்திருந்தது.

"மிஸ், இவர் என்னைப் பாத்துப் பாவப்பட்டுத்தான்…"

"அது எனக்கு விளங்குது."

ஐயா குடையை மடக்கினார். "அயலவருக்காகப் பொய் சொன்னவர் தன்ர வீட்டைப் பற்றிச் சொல்லுறதை எப்பிடி நம்புறது? பாடசாலை அதிபரிட்டப் போய்ச் சொல்லுவம் மிஸ். அவ பாத்து முடிவெடுக்கட்டும்."

அவர்கள் சஞ்சீவனின் வீட்டுக்குள் போகவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். சுஹைரா மிஸ் ஒரு முறை நின்று படியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவரும் போய்விட்டார்.

"அப்பா, மிஸ் எங்கட வீட்டுக்குள்ள வர மாட்டாவா?" என்று யதுஷா கேட்டாள்.

சஞ்சீவன் வாளியைக் கிட்ட இழுத்தான். நிலுஷா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் குனிந்து துணியை எடுத்து வாளியில் போட்டான். "போங்கோ அக்கா," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

லெஸ்லிக்கு நடந்ததைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நீ நல்லவளா இருக்க ஆசைப்பட்டாய்," என்றார். "சரி. அதுக்கு விலை குடுத்தது ஆர்? சஞ்சீவன்."

"அத்தான்…"

"நான் பொய்யன். ஒத்துக்கொள்ளுறன். ஆனா என்ட பொய்யால ஒழுங்கையில ஒருத்தனும் அழேல்ல. உன்ட உண்மையால ஒரு பிள்ளை அழப்போகுது."

அவர் சொன்னது முழுக்கச் சரியல்ல. அவருடைய பொய் வென்றிருந்தாலும் யதுஷாதான் அழுதிருப்பாள், கொஞ்சம் பிந்தி, யாரும் பார்க்காத இடத்தில். ஆனால் அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று நிலுஷாவுக்குப் பட்டது. அவள் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள்.

மரியமலர் பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். அலுமாரித் தட்டில் சேலைகளைத் திரும்ப அடுக்கினாள். லெஸ்லி எழும்பி, படத்துக்காகக் கழற்றி வைத்திருந்த கலண்டரை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார்.

சஞ்சீவனின் ஓட்டோவைக் கூப்பிட முகம் இல்லை. பஸ்ஸில் போனார்கள். நிலுஷா படத்தின் முகத்தைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பி மடியில் வைத்திருந்தாள். கொண்டக்டர் சனத்தை விலக்கி, "கண்ணாடி, கண்ணாடி, தள்ளி நில்லுங்கோ," என்று இடம் எடுத்துத் தந்தான். அந்த மரியாதையும் அவளைச் சுட்டது.

"அம்மா," என்றாள் ஜெனிற்றா. "எனக்குப் பாவம் ஏறாது எண்டு பெரியம்மா சொன்னவ. உங்களுக்கு?"

"எனக்கு ஏறும்."

"கனக்கவா?"

"ஓம்."

பிள்ளை யோசித்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பழைய ஆணியில் மாட்டியதும் படம் தானாக நேராக நின்றது. பிளக்கைக் குத்தியதும் சிவப்பு பல்ப் எரிந்தது. "வந்திட்டுது," என்று ஜெனிற்றா கை தட்டினாள்.

நிலுஷா ஜன்னலோரம் இருந்த கதிரையைப் பார்த்தாள். அதில் இருக்க மனம் வரவில்லை. நிலத்தில் இருந்தாள்.

இனி எதை வைத்து நடப்பது என்று யோசித்தாள். றொமேஷின் 'ஏலாது' அவளுக்குப் பொருந்தவில்லை. அது அவனுடைய அளவுக்குத் தைத்த சட்டை. லெஸ்லியின் கணக்கும் அவளுக்கு வேண்டாம். கோவிலில் கேட்ட கட்டளைகள் எல்லாம் மனதில் வந்தன. ஆனால் அவை காலையிலும் அவளுக்குத் தெரிந்தவைதான். தெரிந்திருந்தும் சிரித்தவள்தானே அவள்.

இன்றைய நாளிலிருந்து அவள் கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். தனக்காக இன்னொருவரின் வாயைப் பொய் சொல்ல வைப்பதில்லை. பிள்ளையின் வாயையும் இல்லை, சஞ்சீவனைப் போன்ற ஒருவனின் வாயையும் இல்லை. பெரிய கொள்கை ஒன்றும் அல்ல. றொமேஷ் இருந்தால் இதைவிட நேரான ஒன்றை வைத்திருப்பான். ஆனால் இது யாரும் சொல்லித் தந்ததல்ல. ஒரு பிள்ளையின் ரிபனைப் பார்த்து, பிந்தி, வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டது. ஆகவே இது அவளுடையது.

பொழுது சாய்கிற நேரம் வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது.

சஞ்சீவன் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. நிலுஷா படலையடிக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலம அதிபர் என்னை வரச் சொல்லியிருக்கிறா," என்றான், முன்னால் பார்த்தபடியே. "உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"நான் வாறன். உங்களில பிழை இல்லை எண்டு சொல்லுறன்."

"அது காணாது அக்கா." அவன் கைபிடியைத் திருகினான். எஞ்சின் உறுமித் தணிந்தது. "நான் யோசிச்சுப் பாத்தனான். நீங்கள் கிழமையில பாதி நாள் அங்க வந்து நிக்கிறனீங்கள், அதைக் கண்டுதான் நான் அங்கதான் இருக்கிறீங்கள் எண்டு நினைச்சனான், அப்பிடிச் சொன்னா விட்டிடுவினம். நீங்களும் அதையே சொல்ல வேணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னாச் சரி."

நிலுஷா படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்காக நான் ஒருக்காச் சொன்னன்," என்றான் அவன் மெதுவாக. "இப்ப எனக்காக நீங்கள் ஒருக்கா."

தனக்காக மற்றவர் பொய் சொல்வதைத்தான் அவள் இன்றைக்கு விலக்கி வைத்திருந்தாள். மற்றவருக்காகத் தான் சொல்வதைப் பற்றி அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. அந்தப் பக்கம் கதவே இல்லாமல் திறந்து கிடந்தது.

"யதுஷா ரிபனைக் கழட்ட விடுறாள் இல்லை," என்றான் சஞ்சீவன். "மிஸ் திரும்பி வருவாவாம்."

அப்போது ஜெனிற்றா வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் பின்னால் அறைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

"அம்மா, நாளைக்கு மிஸ்ஸைக் காணப் போறீங்களா?"

"ஓம்."

"அப்ப அவவிட்டச் சொல்லுங்கோ. அப்பா எங்கட வீட்டுக் கதிரையிலதான் இருந்தவர். நான் மாத்திச் சொல்லிட்டன்."

சஞ்சீவன் அதைக் கேட்டான். பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, நிலுஷாவின் முகத்தைப் பார்த்தான்.

அவன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. அவள் பதிலுக்காக அவன் காத்திருந்தான்.